அவர் இல்லாவிட்டாலும் எனக்கு அங்கே ஒரு நாற்காலி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டிசம்பர் மாதம் உங்கள் நாளிதழில் ஒரு படம் வந்திருந்தது. வங்கதேச விடுதலைக்காகப் பாகிஸ்தானோடு நடந்த 1971 போரில் கலந்துகொண்ட நம் முன்னாள் படைவீரர்கள் சிலர் மனைவிமாரோடு டாக்காவுக்கு வெற்றி நாள் விழாவுக்குப் போயிருந்தபோது எடுத்த படம். கோட்டில் பதக்கம் குத்திக்கொண்டு பெரியவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் பட்டுப்புடவையில் அவர்கள் வீட்டுப் பெண்கள் நின்றார்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். தெரிந்த முகம் ஒன்றும் இல்லை. ஆனாலும் பேப்பரை மடித்து வைக்க மனம் வரவில்லை. அன்றிலிருந்து இதை எழுத வேண்டும் என்று நினைத்து நினைத்து இப்போதுதான் உட்கார்ந்தேன்.

நான் வேலூருக்குத் தெற்கே கணியம்பாடிப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறேன். எங்கள் பக்கத்தில் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத தெரு கிடையாது. கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள், உங்களுக்கும் தெரிந்திருக்கும். என் வீட்டுக்காரர் மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் சிப்பாயாகச் சேர்ந்து ஹவில்தாராக ஓய்வுபெற்றவர். அப்புறம் ஒரு வங்கி வாசலில் துப்பாக்கியோடு இருபது வருஷம் காவல் நின்றார். 2021இல் காலமானார். எனக்கு எழுபது தாண்டிவிட்டது. எட்டாவது வரை படித்திருக்கிறேன். இதை நோட்டில் எழுதிப் பேத்தியிடம் தட்டச்சு செய்யக் கொடுத்திருக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். 2018இல் நாங்களும் இப்படி ஒரு சந்திப்புக்கு வங்கதேசம் போனோம். அரசாங்கம் அழைத்துப் போகவில்லை. பட்டாளத்தில் அவரோடு ஒரே கம்பெனியில், அதாவது ஒரே பிரிவில், இருந்த பழைய ஆட்கள் கைக்காசு போட்டுத் தாங்களே ஏற்பாடு செய்துகொண்டது. வீரர்கள் ஒன்பது பேர், மனைவிமார் ஏழு பேர், கணவரை இழந்த ஒரு அம்மா, ஆக மொத்தம் பதினேழு பேர். இப்போது அடுத்த டிசம்பரில் மறுபடியும் போகலாம் என்று பேச்சு நடக்கிறது. இந்தத் தடவை முன்னாள் வீரர்கள் சங்கம் ஒன்று பொறுப்பெடுத்துப் படிவம் அச்சடித்துக் கொடுக்கிறது. 'படைவீரர் மற்றும் துணைவியார்' என்று மேலே போட்டிருக்கிறது. முதலில் அவருடைய படை எண், கடைசியில் அவருடைய கையொப்பம். படை எண் எனக்கு மனப்பாடம். கையொப்பம் போட அவர் இல்லை.

போன் செய்து கேட்டேன். எடுத்தவர் மரியாதையாகத்தான் பேசினார். "அம்மா, இது சாரோட வர்றவங்களுக்குத்தான். ரூமெல்லாம் ரெண்டு ரெண்டு பேருக்குன்னு பேசியிருக்கோம். அதுவும் இல்லாம, எல்லாரும் ஜோடியா வர்றப்போ உங்களுக்கு மனசு கஷ்டமா இருக்கும்" என்றார். நான் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. சரி என்று வைத்துவிட்டேன். அவரிடம் சொல்லாததைத்தான் உங்களுக்கு எழுதுகிறேன். அவர் ஒருவரைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை. இப்படிச் சந்திப்பு வைக்கிற எல்லாரும் படிக்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

எனக்குக் கல்யாணம் ஆனது 1970 தை மாதம். மறு வருஷம் ஆடியில் லீவில் வந்தவரை, லீவு முடிய இன்னும் பதினொரு நாள் இருக்கும்போதே தந்தி வந்து கூப்பிட்டுக்கொண்டது. காட்பாடியில் ரயில் ஏற்றிவிட்டு மாமனார் திரும்பி வந்தார். அப்புறம் வந்த கடிதங்களில் ஊர்ப் பெயர் கிடையாது. படை எண், பெயர், கீழே '99 ஏ.பி.ஓ.' அவ்வளவுதான். 99 என்றால் எந்த ஊர் என்று தபால்காரரிடம் கேட்டேன். "அது ஊர் இல்லம்மா, பட்டாளத்துத் தபாலாபீஸ். அவங்க எங்க இருந்தாலும் அந்த நம்பருக்குப் போட்டா போயிடும்" என்றார். புருஷன் இருக்கிற ஊர் பெயர் தெரியாமல் ஐந்து மாதம் இருந்தேன்.

கார்த்திகை தீபம் முடிந்து இரண்டொரு நாளில், டிசம்பர் 3ஆம் தேதி, சண்டை மூண்டுவிட்டது. பஞ்சாயத்து ரேடியோவைச் சுற்றி ஆம்பிளைகள் நிற்பார்கள். நாங்கள் கொஞ்சம் தள்ளிக் கிணற்றடியில் குடத்தை வைத்துக்கொண்டு நிற்போம். எங்கள் தெருவில் மட்டும் ஆறு வீட்டு ஆட்கள் பட்டாளத்தில் இருந்தார்கள். தபால்காரர் சைக்கிள் தெருமுனையில் திரும்பினால் போதும், ஆறு வீட்டு வாசலிலும் பெண்கள் வந்து நின்றுவிடுவோம். அந்த மனிதர் நல்லவர். முனையில் திரும்பும்போதே ஒரு கையைத் தூக்கி, "தந்தி இல்ல, தந்தி இல்ல" என்று சத்தம் போட்டுக்கொண்டேதான் வருவார். அதைக் கேட்ட பிறகுதான் என் மாமியார் அடுப்பங்கரைக்குத் திரும்பிப் போவார்.

மார்கழி பிறக்கிற சமயம், 16ஆம் தேதி சாயங்காலம், டாக்காவில் எதிரிப்படை சரணடைந்த செய்தி வந்தது. தொண்ணூற்று மூவாயிரம் பேர் கைதியானார்கள் என்று அப்புறம் சொன்னார்கள். ஊரில் வெடி வெடித்தார்கள். மறுநாள் விடியற்காலை பிள்ளையார் கோயிலுக்கு நான் சர்க்கரைப் பொங்கல் வைத்தேன். சண்டை முடிந்துவிட்டது, இனி தந்திக்குப் பயப்பட வேண்டாம் என்று நினைத்தேன். மாதக் கடைசியில் அவர் கடிதம் வந்தது. நாலு வரிதான். நலம், நலமறிய ஆவல், லீவு கேட்டிருக்கிறேன், அம்மாவைப் பார்த்துக்கொள்.

திரும்பி வந்தவர் சண்டையைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஐம்பது வருஷம் ஒன்றாக வாழ்ந்தோம். டிசம்பர் 16 வந்தால் ஊரில் யாராவது வந்து கை கொடுப்பார்கள், பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டு மாலை போடுவார்கள். போய்விட்டு வருவார். ஆனால் அன்று ராத்திரி சாப்பிட மாட்டார். மறுநாள் பொழுது விடியும்வரை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். "ஊரே கொண்டாடுது, உங்களுக்கு என்னங்க" என்று எத்தனையோ வருஷம் சண்டை போட்டிருக்கிறேன். பதில் வராது.

2018 பயணத்தை ஏற்பாடு செய்தவர் அவர்கள் கம்பெனியில் இருந்து சுபேதார் மேஜராக ஓய்வுபெற்றவர், சித்தூர்க்காரர். அறுபத்தாறு வயதில் எனக்கு முதல் பாஸ்போர்ட் எடுத்தோம். விரல் ரேகை வைக்கிற மிஷினில் என் விரல் பதியவே இல்லை. கடலைக்காய் உரித்து உரித்து, சாம்பல் போட்டுப் பாத்திரம் தேய்த்து ரேகை அழிந்துபோயிருந்தது. அங்கிருந்த பெண் ஈரத்துணி கொடுத்துத் துடைக்கச் சொல்லி, ஐந்தாறு தடவை வைத்துப் பார்த்த பிறகுதான் பதிந்தது. சென்னையிலிருந்து கோரமண்டல் எக்ஸ்பிரஸ். கொல்கத்தாவில் விசாவுக்கு இரண்டு நாள். அங்கிருந்து வேனில் பெட்ராபோல் எல்லை.

அந்தச் சாலைக்கு ஜெஸ்ஸோர் ரோடு என்று பெயர். இரண்டு பக்கமும் நூறு வருஷத்துக்கு மேலான தூங்குமூஞ்சி மரங்கள், பத்துப் பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத பருமன். வேனில் ஏறியதிலிருந்து பேசிக்கொண்டே வந்த ஆம்பிளைகள் அந்த மரங்களைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். 1971இல் அன்றைய கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து ஒரு கோடி பேர் அகதிகளாக இந்தியாவுக்குள் வந்தார்களே, அதில் பெருங்கூட்டம் இந்தச் சாலையில்தான் வந்ததாம். இந்த மரங்களுக்குக் கீழேதான் சாக்கைக் கட்டிக் குடியிருந்தார்களாம். என் வீட்டுக்காரர் ஜன்னலுக்கு வெளியே கை காட்டி, "இங்கதான் ஒரு அம்மா குழந்தைக்கு வாய்க்கால் தண்ணிய ஊத்திட்டு இருந்துச்சு. என் பாட்டில குடுத்தேன்" என்றார். கல்யாணமாகி நாற்பத்தெட்டு வருஷத்தில் அவர் வாயிலிருந்து சண்டைக் காலத்தைப் பற்றி நான் கேட்ட முதல் விஷயம் அது.

எல்லை தாண்டி பேனாபோல், அப்புறம் ஜெஸ்ஸோர், அங்கிருந்து அறுபது கிலோமீட்டர் போல குல்னா. ஜெஸ்ஸோரை நம் படை 7ஆம் தேதியே பிடித்துவிட்டது. அங்கே இருந்த பாகிஸ்தான் படையினர் கோட்டையை விட்டுவிட்டுக் குல்னா பக்கம் பின்வாங்கினார்கள். பின்வாங்கியவர்கள் குல்னாவுக்கு வடக்கே ரோட்டோரத்தில் ஒரு இடத்தில் நன்றாகக் குழி வெட்டி உட்கார்ந்துகொண்டார்கள். அந்த இடத்துக்குப் பெயர் சிரோமணி. பட்டாளத்தில் 'சிரமணி' என்று சொல்வார்கள். மெட்ராஸ் ரெஜிமென்ட் தன் வீரத்துக்காகப் பெற்ற போர்க் கௌரவங்களில் அந்தப் பெயர் இன்றைக்கும் இருக்கிறது. என் வீட்டுக்காரர் சண்டை போட்டது அங்கேதான். ஐந்து மாதம் எனக்குப் பெயர் தெரியாமல் இருந்த ஊர் அதுதான். தமிழில் எவ்வளவு அழகான பெயர் பாருங்கள், எங்கள் ஊரில் பெண் குழந்தைக்குக்கூட வைப்பார்கள்.

2018 டிசம்பர் 16ஆம் தேதி ராத்திரி குல்னாவில் ஒரு ஓட்டலில் தங்கியிருந்தோம். ஆம்பிளைகள் எல்லாரும் ஒரு அறையில் உட்கார்ந்திருந்தார்கள். அவருக்குச் சர்க்கரை மாத்திரை கொடுக்கப் போனவள், கதவருகிலேயே நின்றுவிட்டேன். 1971இல், டாக்காவில் சரணடைந்து கையெழுத்து ஆகிவிட்டது என்று 16ஆம் தேதி சாயங்காலம் வயர்லெஸ்ஸில் செய்தி வந்தபோதும் இவர்கள் இருந்த பக்கம் குண்டுச் சத்தம் நிற்கவில்லையாம். குல்னாவுக்கு விடுதலை கிடைத்தது 17ஆம் தேதிதான். அந்த ஊர்க்காரர்கள் இன்றும் 17ஐத்தான் தங்கள் விடுதலை நாளாக வைத்திருக்கிறார்கள். அதற்கு இரண்டு மூன்று நாள் முன்னால் நடந்த தாக்குதலில் அவர் பக்கத்திலேயே வந்த ஒரு பையனுக்கு வயிற்றில் அடி. தருமபுரிப் பக்கத்துப் பையன். இரண்டு பேரும் ஒரே நாளில் சேர்ந்தவர்கள், ஒரே கம்பளியில் படுத்தவர்கள். அந்தப் பையன் உயிர் போனது 16ஆம் தேதி ராத்திரி. கடைசிவரை தண்ணீர் தண்ணீர் என்று கேட்டானாம். வயிற்றில் அடிபட்டவனுக்குத் தண்ணீர் கொடுக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் இவர் கொடுக்கவில்லை. ஈரத்துணியால் உதட்டைத் துடைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாராம். நான் பிள்ளையார் கோயிலுக்குப் பொங்கல் வைத்த விடியற்காலையில்தான் அங்கே துப்பாக்கி ஓய்ந்திருக்கிறது.

மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். நாற்பத்தேழு வருஷம் அந்த மனிதரிடம் நான் போட்ட சண்டை எல்லாம் நினைவுக்கு வந்தது.

அன்று பெண்கள் அறையிலும் தூக்கம் இல்லை. நாலு பாஷை. சித்தூர் அம்மாவுக்குத் தெலுங்கும் தமிழும் வரும், அவர்தான் இடையில் நின்று எல்லாருக்கும் சொன்னார். அவருக்கு மூத்த பையன் பிறந்ததே 1971 டிசம்பர் 10ஆம் தேதி. அப்பா இருக்கிறாரா இல்லையா என்று தெரியாமல் பெயர் வைக்க மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்து, ஐந்து மாதம் கழித்து அவர் வந்த பிறகுதான் பெயர் வைத்தாராம். கோலார் பக்கத்து அம்மா மூன்று மாதம் மணியார்டர் வராமல் தோட்டையும் மூக்குத்தியையும் அடகு வைத்ததைச் சொன்னார். இதையெல்லாம் இவர்கள் வீட்டு ஆம்பிளைகளுக்கே தெரியாது. அவர்கள் எங்களிடம் சொல்லாத மாதிரி நாங்களும் அவர்களிடம் சொல்லவில்லை.

17ஆம் தேதி காலை சிரோமணிக்குப் போனோம். தென்னை, பாக்கு, குளம், சணல் ஆலைகள். கொஞ்ச தூரத்தில் பைரப் நதி. சண்டை நடந்த இடம் என்று யாராவது சொன்னால்தான் தெரியும். ரோட்டின் ஒரு ஓரத்தில் நின்று நாலு பேர் நாலு திசையைக் காட்டினார்கள், எங்கே குழி இருந்தது, எங்கே நம் டாங்க் நின்றது என்று. என் வீட்டுக்காரர் எதையும் காட்டவில்லை. ரோட்டை விட்டு இறங்கி ஒரு வரப்பில் கொஞ்ச தூரம் நடந்து போய் நின்றார். நானும் பின்னாலேயே போனேன். "இங்கதானா?" என்று கேட்டேன். "சரியாத் தெரியல. மரமெல்லாம் மாறிப்போச்சு. ஆனா இந்த மாதிரி பனிதான்" என்றார். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். நடுரோட்டில் நான் அவர் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை.

அங்கே எங்களை வரவேற்றவர் அந்த ஊரின் முக்தி யோத்தா, அதாவது அவர்கள் விடுதலைப் படையில் இருந்தவர். பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்றவர். அவர் வீட்டு முற்றத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். ஈச்ச மரத்துச் சாறு கொடுத்தார்கள். ஜெஸ்ஸோர், குல்னா பக்கம் குளிர்காலத்தில் ஈச்ச மரத்தின் கழுத்தைச் சீவி ராத்திரியில் மண்பானை கட்டிவிடுவார்கள். விடியும்போது பானை நிறைந்திருக்கும். வெயில் ஏறுவதற்குள் குடித்துவிட வேண்டும், மீதியைக் காய்ச்சி வெல்லம் எடுப்பார்கள். நம் பதநீர் மாதிரிதான், ஆனால் சுண்ணாம்பு வாசனை இல்லை. பல்லில் பட்டால் கூசுகிற குளிர்ச்சி. கண்ணாடி டம்ளரில் கலங்கலாக, கொஞ்சம் புகை வாசனையோடு இருந்தது. என் வீட்டுக்காரர் ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கு, 1971 டிசம்பர் 17 காலையில், குழியிலிருந்து எழுந்து வந்தவர்களுக்கு ஒரு கிழவர் இதைத்தான் பானையோடு கொண்டுவந்து ஊற்றினாராம். ராத்திரி முழுக்க அந்தப் பையனுக்குக் கொடுக்காத தண்ணீருக்கு அப்புறம் இவர் குடித்த முதல் வாய் அதுதான். இதை எனக்கு அவர் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்த பாலக்காட்டு நாயக் சொன்னார்.

இனிதான் நான் சொல்ல வந்தது.

எங்களோடு கணவரை இழந்த ஒரு அம்மா வந்தார் என்று எழுதினேன் அல்லவா. அவரும் பாலக்காடுதான். நாங்கள் எல்லாரும் சேச்சி என்றே கூப்பிட்டோம். கணவர் இறந்து அப்போதே பத்து வருஷம் ஆகியிருந்தது. வர மாட்டேன் என்று எவ்வளவோ சொன்னவரை சுபேதார் மேஜர் சாப்தான் வீட்டுக்கே போய்க் கூட்டிவந்தார். வழியெல்லாம் ஒதுங்கியே இருந்தார். வேனில் கடைசி சீட்டு, சாப்பாட்டுக்குக் கடைசிப் பந்தி.

அந்த முற்றத்தில் படம் எடுக்க நாற்காலி போட்டார்கள். முன்வரிசையில் வீரர்களுக்கு ஒன்பது நாற்காலி, பின்னால் பெண்கள் நிற்பதற்கு இடம். சேச்சி பந்தல் காலுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். வாத்தியாரின் மனைவி இதைப் பார்த்தார். எங்களைவிட மூத்தவர், கூன் விழுந்த உடம்பு, வெள்ளைப் புடவையில் சின்னக் கரை. அந்த அம்மா 1971இல் கைக்குழந்தையோடு எல்லை தாண்டி முகாமில் இருந்தவர். குழந்தை முகாமிலேயே போய்விட்டது. சேச்சியிடம் வந்து ஏதோ கேட்டார். அங்கிருந்த ஒரு பையன் வங்காளத்திலிருந்து ஹிந்தியில் மாற்றிச் சொல்ல, சுபேதார் மேஜர் சாப் எங்களுக்குச் சொன்னார். உங்கள் ஆள் எங்கே என்று கேட்கிறார். சேச்சி பர்ஸைத் திறந்து ஒரு படத்தைக் காட்டினார். பாஸ்போர்ட் அளவு, சீருடையில், ஓரமெல்லாம் மடங்கிப்போன படம்.

அந்த அம்மா படத்தை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அப்புறம் ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போய் இன்னொரு நாற்காலியை அவரே இழுத்துக்கொண்டு வந்தார். பையன்கள் வாங்க வந்தபோதும் கொடுக்கவில்லை. ஒன்பது நாற்காலிக்கு நடுவில் அதைப் போட்டு, சேச்சியின் தோளைப் பிடித்து உட்காரவைத்து, படத்தை அவர் கையில் கொடுத்து, எல்லாருக்கும் தெரிகிற மாதிரி நிமிர்த்திப் பிடிக்கச் சொன்னார். வீரர்கள் எல்லாரும் எழுந்து நின்றுவிட்டார்கள். யாரும் சொல்லவில்லை, தானாக எழுந்தார்கள். சேச்சி உட்கார்ந்த பிறகுதான் உட்கார்ந்தார்கள்.

அப்புறம்தான் ஆம்பிளைகள் ஒவ்வொருவராக வந்து சேச்சியிடம் அவர் கணவரைப் பற்றிச் சொன்னார்கள். அடிபட்ட ஒருவரை ராத்திரியில் தோளில் போட்டுக்கொண்டு சேற்றுவயலில் நடந்து வந்தவர் அவர். ஆஸ்பத்திரிக் கூடாரத்தில் பாட்டுப் பாடியவர். அவர் பாடுவார் என்பதே சேச்சிக்குத் தெரியாது. "பாடுவாரா? என்ன பாட்டு?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். யாரோ இரண்டு வரி முணுமுணுத்துக் காட்டினார்கள். மலையாளப் பாட்டு. சேச்சி அழுதுகொண்டே சிரித்தார். கணவர் போய்ப் பத்து வருஷம் கழித்து அவரைப் பற்றி ஒரு புதுச் செய்தி கிடைத்தது அந்த அம்மாவுக்கு. திரும்பி வரும்போது வேனில் எங்களோடு நடு சீட்டில் உட்கார்ந்து வந்தார்.

படிவம் அச்சடித்தவர்களுக்கு இதைத்தான் சொல்ல விரும்புகிறேன். மனசு கஷ்டமாக இருக்கும் என்கிறீர்கள். இருக்கும்தான். வீட்டிலும் அந்தக் கஷ்டத்தோடுதான் இருக்கிறேன். அங்கே போனால் அவரைத் தெரிந்தவர்கள் நடுவில் இருப்பேன், அவ்வளவுதான் வித்தியாசம். அன்று சிரோமணிக்கு வந்த ஒன்பது பேரில் இன்று இருப்பது நாலு பேர். என் வீட்டுக்காரரைப் பற்றி எனக்குத் தெரியாத ஏதோ ஒன்று அந்த நாலு பேரிடமும் இருக்கும். ஒருவருக்குக் காது கேட்கவில்லை, ஒருவர் படுக்கையில் இருக்கிறார். இன்னும் எத்தனை டிசம்பர்?

பெண்கள் எட்டுப் பேர் போனோம். ஏழு பேர் இருக்கிறோம். வீரர் கையொப்பம் போட்டால்தான் வரலாம் என்றால் எங்களில் பல பேர் வர முடியாது. கல்யாணமான புதிதில் தந்தி வரும் வரும் என்று வாசலில் நின்றவர்கள் நாங்கள். முகாமில் குழந்தையைப் பறிகொடுத்த அந்த வாத்தியாரம்மாவைப் போன்றவர்கள் அந்தப் பக்கம் இருக்கிறார்கள். சந்தித்துப் பேச எங்களுக்கும் இருக்கிறது.

காசு கேட்கவில்லை. என் செலவை நான் பார்த்துக்கொள்வேன், குடும்ப ஓய்வூதியம் என் பெயருக்குத்தான் வருகிறது. கேன்டீன் கார்டு, ஆஸ்பத்திரிக் கார்டு எல்லாவற்றிலும் என் பெயர் இருக்கிறது. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போனால் உட்காரச் சொல்லி விவரம் கேட்கிறார்கள். அங்கெல்லாம் இருக்கிற பெயர் இந்தப் படிவத்திலும் இருக்கலாம். 'படைவீரர் மற்றும் துணைவியார்' என்பதற்குக் கீழே 'அல்லது மறைந்த படைவீரரின் துணைவியார்' என்று ஒரு வரி சேர்த்தால் போதும். அறை பிரச்சினை என்றால் நானும் சேச்சியும் ஒரே அறையில் இருந்துகொள்வோம், ஏற்கனவே பேசிவிட்டோம். வயதானவர்கள் தனியாக வந்தால் பொறுப்பு யாருடையது என்ற கவலை நியாயமானது. மகனோ மகளோ கூட வர அனுமதி கொடுங்கள். இப்போது வழியும் சுலபம். டாக்காவுக்கும் போக வேண்டும் என்றால் பத்மா நதி மேல் 2022இல் பெரிய பாலம் திறந்துவிட்டார்கள், குல்னாவிலிருந்து போக அங்கே படகுக்குக் காத்திருக்க வேண்டாம் என்று பேத்தி பார்த்துச் சொன்னாள்.

ஒருமுறை ஊட்டிக்குப் போயிருந்தபோது என் வீட்டுக்காரர் பார்சிகளின் மயானத்துக்கு என்னை அழைத்துப் போனார். 1971இல் படைத்தலைவராக இருந்த மானெக்‌ஷா அங்கே அடக்கமாகியிருக்கிறார். பக்கத்திலேயே அவர் மனைவி சில்லு. இவர் அட்டென்ஷனில் நின்று சல்யூட் அடித்தார். அப்புறம் நகர்ந்து அந்த அம்மாவின் கல்லறைக்கு முன்னாலும் நின்று இன்னொரு சல்யூட் அடித்தார். அம்மாவுக்கு எதற்கு என்று கேட்டேன். "அவங்களும்தான் இருந்தாங்க" என்றார்.

அந்த வாத்தியாரம்மா கிளம்பும்போது எனக்கு ஒரு துணி கொடுத்தார். பழம்புடவைகளை அடுக்கி, ஓரம் முழுக்கச் சின்னச் சின்னத் தையல் போட்டது. அந்தப் பக்கத்தில் நக்‌ஷி காந்தா என்பார்கள். நம் ஊரில் பிள்ளை பிறந்தால் பழைய புடவையை மடித்துத் தைத்துப் போடுவோமே, அது மாதிரிதான், ஆனால் பூவும் மீனுமாக வேலைப்பாடு. என் வீட்டுக்காரர் கடைசியாகப் படுத்திருந்தபோது அதைத்தான் போர்த்தியிருந்தேன். அந்த அம்மா இன்னும் இருக்கிறாரா என்று தெரிந்துகொள்ள வேண்டும். இருந்தால், அவரிடம் இவர் படத்தைக் காட்ட வேண்டும். சீருடையில் எடுத்த படம் ஒன்று இருக்கிறது, பர்ஸில் வைத்திருக்கிறேன்.

என் பாஸ்போர்ட் 2028 வரைக்கும் செல்லும்.

இப்படிக்கு,
மறைந்த ஹவில்தார் ஒருவரின் மனைவி,
வேலூர் மாவட்டம்